எச்சில் படாத பிள்ளை

என் மனைவி தேவயானியின் சிறுநீரகங்களில் ஒன்று அவள் தம்பி ஹேமநாத்தின் வயிற்றில் இருக்கிறது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் "இப்ப எப்பிடி இருக்காரு?" என்றுதான் விசாரிக்கிறார்கள். "அவங்க எப்பிடி இருக்காங்க?" என்று கேட்கும் ஒருவரை இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அவருக்கு ஒரு ஃபிளெக்ஸ் இலவசமாகவே அடித்துக் கொடுப்பேன்.

பிச்சாட்டூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை என்னுடையது. சுற்று வட்டாரத்தில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் என் மிஷின் வழியாகத்தான் தெருவுக்கு வரும். உயிரோடு இருந்தவரை அப்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்காதவன், அப்பன் போன மறுநாள் வந்து ஆளுயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி கேட்பான். அதில் அப்பன் படத்தைவிடத் தன் படம் சின்னதாக இருந்தால் கோபித்துக்கொள்வான். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இப்படி அடித்து அடித்து எனக்கு மனிதர்கள் மேல் கொஞ்சம் மரியாதை குறைந்துவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

என் மாமியார் தாட்சாயணி புத்தூரில் இருக்கிறார். தேவயானிக்குப் பிறகு அவருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அப்புறம் வந்தவன் ஹேமநாத். அந்தப் பயத்தில் யாரோ ஒரு டாக்டர் "சுத்தமா பாத்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னதை என் மாமியார் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பிள்ளை மேல் யார் எச்சிலும் படக் கூடாது. அவனுக்குத் தனித் தட்டு, பேர் வெட்டிய தனி டம்ளர். யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கமர்கட்டைச் சட்டைத் துணிக்குள் வைத்துக் கடித்துப் பங்கு போடுவார்களே, அந்தக் காக்காக் கடிகூட அவனுக்குக் கிடையாது. ஒரு தடவை தேவயானி ஆசையாகத் தாவணி முனையில் வைத்துக் கடித்துப் பாதியை நீட்டியபோது, மாமியார் அதைத் தட்டிவிட்டு அவள் முதுகில் ஒன்று வைத்தாராம்.

தேவயானிக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை. பெண் பிள்ளை கடைசியில்தான் சாப்பிட வேண்டும், அதுவும் எந்தத் தட்டில் சோறு மிஞ்சியிருக்கிறதோ அந்தத் தட்டில். "நைனா தட்டுல மிச்சம் வச்சத துன்னுதான் வளந்தேன். அதுல மீன் துண்டு இருந்துச்சுன்னா அன்னிக்கு எனக்கு தீவாளி" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

இப்படி வளர்ந்த ஹேமநாத், புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் காமர்ஸ் வாத்தியார் ஆனான். நல்ல பையன்தான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் எங்கே போனாலும் பையில் சொந்த ஸ்பூன், சொந்தத் தண்ணீர் பாட்டில். கல்யாண வீட்டில் இலை போட்டால் அதை நாலு தடவை கழுவுவான். பெண் பார்த்த இடங்களில் கொடுத்த காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்ததில், பெண் வீட்டார் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அப்புறம் அவன் சிறுநீரகங்கள் இரண்டும் கழன்றுகொண்டன. காரணம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாக இருந்தவனுக்கு எப்படி வந்தது என்று ஊரே வாயைப் பிளந்தது.

மாமியாருக்குச் சர்க்கரை. மாமனார் காலமாகிவிட்டார். மிச்சம் இருந்தது தேவயானிதான். திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு கமிட்டி என்னைக் கூப்பிட்டு, "உங்க மனைவிக்கு யாராவது நெருக்கடி குடுத்தாங்களா?" என்று கேட்டது. இல்லை என்றேன். அது உண்மைதான். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் தனியாக நெருக்கடி கொடுக்க வேண்டியதில்லை, பிறக்கும்போதே உள்ளே வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமியார் சந்தோஷத்தில் என்னிடம் ஒரு ஃபிளெக்ஸ் கேட்டார். 'மறுபிறவி எடுத்த எங்கள் வீட்டுச் சிங்கமே' என்று எழுதி, மேலே ஏழுமலையான், நடுவில் ஹேமநாத், ஓரத்தில் அவர். நான் சும்மா இருக்காமல் தேவயானியின் படத்தையும் சேர்த்து அடித்துக் கொண்டுபோனேன்.

"இவ எதுக்கு மாப்ளே?" என்றார். "கண்ணு பட்டுடப் போவுது. அவளுக்கு இருக்கிறதே ஒண்ணு."

அக்கறையில்தான் சொல்கிறார் என்று நம்ப முயன்றேன். அந்த ஃபிளெக்ஸ் இப்போது அவர்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடிக்கொண்டிருக்கிறது, ஆகவே என் மனைவியின் முகத்தில்தான் மழை பெய்கிறது.

அதற்கப்புறம் தேவயானி ஞாயிறு தவறாமல் புத்தூர் போவாள். தம்பியைப் பார்த்ததும் "எப்பிடி இருக்குது?" என்று கேட்பாள். எப்படி இருக்கிறாய் என்று அல்ல, எப்படி இருக்கிறது என்று. அவனும் வயிற்றைத் தொட்டுக்கொண்டு, "நல்லா இருக்குதுக்கா" என்பான். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க வந்த தாயாரும், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பதில் சொல்லும் மாப்பிள்ளையும் போல இருப்பார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தாலும், அவள் முகத்தில் அந்த நேரத்தில் வரும் பெருமையைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பொருள் இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் ஆனதும் மாமியார் தன் வேண்டுதலை நிறைவேற்றக் கிளம்பினார். ஹேமநாத்துக்குத் திருமலையில் மொட்டை. முகத்தில் மாஸ்க் போட்டு, கூட்டத்தில் யாரும் உரசாமல் நானும் மாமியாரும் இரண்டு பக்கமும் காவல் காத்துக் கூட்டிக்கொண்டு போனோம். மொட்டை அடித்து, குளித்து, ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தவனுக்குச் சந்தனம் தடவுகிற வேலை அக்காவுக்கு.

உச்சியிலிருந்து தடவிக்கொண்டே பிடரிக்கு வந்த தேவயானியின் கை அங்கேயே நின்றுவிட்டது. திரும்பவும் தடவினாள். காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் புளியங்கொட்டை அளவில் கட்டிகள். அத்தனை நாளும் முடி மறைத்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது? வலிக்குதா?"

"இல்லக்கா. கொஞ்ச நாளா சாய்ந்திரமானா உடம்பு மட்டும் கதகதன்னு இருக்குது. காலேஜ்ல வேல ஜாஸ்தி."

"சுளுக்கா இருக்கும்" என்றார் மாமியார். "நம்மூரு கட்டுக்கு எங்கெங்கிருந்தோ வந்துக்கினு இருக்காங்க. நாளைக்கே ஒரு கட்டு போட்டா சரியாப் பூடும்."

புத்தூர்க் கட்டின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. என் முழங்கையே அதற்குச் சாட்சி. ஆனால் எலும்பே இல்லாத இடத்தில் எதைக் கட்டுவார்கள் என்று கேட்டேன். மாமியார் என்னை முறைத்தார். தேவயானி யாரிடமும் கேட்கவில்லை. கீழே இறங்கியதும் தம்பியின் கையைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் பிரமிளா நெல்லூர்ப் பக்கத்துக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து, யாருக்கும் புரிகிற மாதிரி பேசுவார். கழுத்தைத் தடவிப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுக்கச் சொன்னார், நெறிக்கட்டி ஒன்றிலிருந்து சின்னத் துண்டு எடுத்தும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவுகள் வந்ததும் எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்துக்கொண்டார்.

"சூடண்டி, பாருங்க, இது ஒரு வைரஸ். அந்தரிக்கும், எல்லாருக்கும் இருக்கும். எனக்கு இருக்குது, உங்களுக்கும் இருக்கும். சின்ன வயசுல வரும், ஒரு ஜுரம் வந்து போகும், அவ்வளவுதான். அப்புறம் ஆயுசு பூரா ரத்தத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கும். உடம்புல காவல் இருக்கிற வரைக்கும் எழுந்திருக்காது."

"அப்போ இவனுக்கு?" என்றாள் தேவயானி.

"இவருக்கு நாமதானே மாத்திரை குடுத்துக் காவலைக் கட்டி வச்சிருக்கோம்? இல்லேன்னா உங்க கிட்னிய இவர் உடம்பு வெளிய தள்ளிடும். காவல் இல்லேன்னு தெரிஞ்சதும் வைரஸ் பெருகுது. அது புகுந்த செல்லுங்களும் கூடவே பெருகுது. அதுதான் இந்த நெறி. ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குதுன்னு எண்ணிப் பாக்கலாம். ஆபரேஷன் ஆன முதல் வருஷம் அடிக்கடி எண்ணிக்கினு இருந்தோமே, ஞாபகம் இருக்கா? கொஞ்சமா இருந்தது. அப்புறம் நீங்க வரல."

முதல் வருஷத்துக்குப் பிறகு, "ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு சும்மா சும்மா ரத்தம் குடுத்துக்கினு?" என்று நிறுத்தியவர் மாமியார். இப்போது அவர் மேஜை மேலிருந்த காலண்டரை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நிறைய ஏறியிருக்குது. துண்டு எடுத்துப் பாத்ததுலயும் அதேதான். புத்துநோயா மாறுற வாசல்ல நிக்குது. இன்னும் உள்ள போகல."

வாசல் என்ற வார்த்தையை அவர் தைரியம் சொல்லத்தான் சொல்லியிருப்பார். எங்கள் நாலு பேருக்கும் அதற்கு முன்னால் வந்த வார்த்தை மட்டும்தான் கேட்டது. மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இவனுக்கு எப்பிடி மேடம் வரும்? எவன் எச்சிலும் படாம வளத்தேன். தனித் தட்டு, தனி டம்ளரு. பெத்த தாயி நானே அவன் தட்டுல கை வச்சதில்ல. கேட்டுப் பாருங்க."

"அம்மா, அதுதான் பிரச்சினையே" என்றார் டாக்டர்.

இந்த வைரஸ் பரவுவதே எச்சில் வழியாகத்தான். ஒரே டம்ளரில் குடித்து, ஒரே தட்டில் தின்று வளர்கிற பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே வந்துவிடும். உடம்பும் அதை அடையாளம் வைத்துக்கொண்டு, எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். லட்சத்தில் ஒருவனாக ஹேமநாத்துக்கு மட்டும் அது வரவேயில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த பரிசோதனையிலேயே அது தெரிந்திருந்தது. சின்ன வயசில் ஜுரத்தோடு போயிருக்க வேண்டியது, காவல் கட்டிப்போடப்பட்ட உடம்பில், முப்பத்தாறு வயசில் முதல் தடவையாக நுழைந்திருக்கிறது. இதையெல்லாம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். என் மாமியார் முப்பத்தாறு வருஷம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு செய்த காவலுக்கு இப்படி ஒரு பரிசு. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. அடுத்த கேள்வியில் அது நின்றுபோனது.

"எங்கேருந்து நுழைஞ்சுது?" என்று கேட்டாள் தேவயானி.

டாக்டர் தயங்கினார். "கிட்னியோட வந்திருக்கணும்மா. உங்க ரத்தத்துல இருந்தது. உங்க தப்பு இல்ல. எல்லார் ரத்தத்துலயும் இருக்கிறதுதான். தெரிஞ்சேதான் செஞ்சோம், அன்னிக்கு வேற வழி இல்ல."

பிறகு சிகிச்சையைச் சொன்னார். ஒரு மாத்திரையை நிறுத்த வேண்டும், இன்னொன்றைப் பாதியாக்க வேண்டும். காவல் கொஞ்சம் விழித்துக்கொண்டால் வைரஸ் அடங்கும், கட்டி கரையும். ஆனால் அதே காவல் சிறுநீரகத்தின் மேலும் பாயலாம். "கிட்னி போனாலும் போகலாம். ஆனா ஆளு இருப்பார். இதுக்கு அடங்கலேன்னா ஊசி இருக்குது. மொதல்ல இதப் பாப்போம்."

வெளியே வந்ததும், ஆட்டோக்களின் சத்தத்துக்கு நடுவில், மாமியார் மகளைப் பார்த்துச் சொன்னார்: "கடைசில உன் எச்சிலு அவன் உள்ள பூந்துடுச்சேடி."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், தேவயானி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஊர் வரும்வரை விடவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை புத்தூர் பயணம் நின்றது. போனில்கூட "எப்பிடி இருக்குது?" என்று கேட்பதில்லை. வீட்டில் தனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். குழம்பில் உப்புப் பார்க்கும்போது கரண்டியிலிருந்து கையில் விட்டு நக்குகிறவள், அதையும் நிறுத்திவிட்டாள். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த எங்கள் மகள் பிரீத்தி, அம்மா தட்டிலிருந்து ஒரு அப்பளம் எடுக்கப் போனபோது தேவயானி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய டம்ளரை எடுத்து அதில் மிச்சம் இருந்த தண்ணீரை அவள் கண் முன்னாலேயே குடித்தேன்.

"இன்னாங்க இது?" என்றாள்.

"இருபது வருஷமா துன்னுக்கினு இருக்கேன் உன் எச்சில. எனக்கு இன்னா ஆச்சு?"

அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மாமியாரை அந்த நேரத்தில் நான் நினைத்த மாதிரி யாரும் நினைக்கக் கூடாது.

சில வாரங்கள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை ஏறியிருந்தது. டாக்டர் பிரமிளா எங்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருந்ததால் தேவயானியும் வந்திருந்தாள், மாமியாருக்கும் தம்பிக்கும் எட்டத்தில், என் பக்கத்தில்.

"மாத்திரையப் பாதியாக்கியும் எப்பிடி ஏறும்னு எனக்குப் புரியல" என்றார் டாக்டர். "அதனால மாத்திரை ரத்தத்துல எவ்வளவு இருக்குதுன்னு சேத்துப் பாத்தேன். அது துளிகூட குறையல. வைரஸும் ஏறிக்கினு இருக்குது, மாத்திரையும் அப்படியே இருக்குது. வீட்ல மாத்திரை யார் குடுக்கிறீங்க?"

"நான்தான்" என்றார் மாமியார். "சாமி சத்தியமா பாதிதான் குடுக்கிறேன். நானே பிளேடால வெட்டி." அந்த மாத்திரையைப் பிளேடால் வெட்டக் கூடாது, குறைந்த அளவு மாத்திரை தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேனே என்று டாக்டர் பதறினார். அது ஒரு தனிக் கூத்தாக ஓடியது. அது ஓய்ந்த பிறகும் ஹேமநாத் தலை நிமிரவில்லை. தேவயானி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதானேடா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். பழைய மாத்திரைகள் கல்லூரி மேஜையில் இருந்தன. நிறுத்தச் சொன்னதையும், குறைக்கச் சொன்னதில் குறைந்ததையும் காலையும் மாலையும் அங்கே போய் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஏன்?" என்றார் டாக்டர். "உயிர் போயிடும், தெரியுமா?"

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, அக்காவிடம்தான் சொன்னான். "நீ குடுத்ததுக்கா அது. பத்திரமா வச்சிருக்கேன்னு வாராவாரம் சொல்லிக்கினு இருந்தேன். அது போயிடுச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கினு உன்னப் பாக்கிறது? இப்பவே நீ வர்றதில்ல. போன்ல கேக்கிறதில்ல. நான் சரியா வச்சிக்கலேன்னு கோவம்னு நெனச்சேன்."

தேவயானி தன் எச்சிலுக்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறாள். அவள் கோபித்துக்கொண்டதாக நினைத்து, அவள் பொருளைக் காப்பாற்ற இவன் சாகத் துணிந்திருக்கிறான். இந்த இரண்டு பேரையும் பெற்றவர் பிளேடு எடுத்து மாத்திரை வெட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

டாக்டர் கடைசியாக ஒரு வாய்ப்பு என்றார். மாத்திரையை உண்மையாகவே குறைக்க வேண்டும், குறையாவிட்டால் ஊசி. ஹேமநாத் சரி என்று தலையாட்டினான். ஆனால் அவன் தலையாட்டலை இனி யார் நம்புவது? கல்லூரிக்குப் பின்னாலேயே போய் யார் காவல் நிற்பது?

பசி நேரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். தட்டில் இட்லியும் வடையும் ஆவியோடு வந்தன. ஹேமநாத் பையிலிருந்து ஸ்பூனை எடுத்து, கைக்குட்டையால் துடைத்தான். மாமியார் அவன் டம்ளரை வெந்நீரில் கழுவிக்கொண்டுவரச் சொல்லி சர்வரை விரட்டிக்கொண்டிருந்தார்.

தேவயானி எட்டி, தம்பி தட்டிலிருந்த வடையை எடுத்தாள். முந்தானையில் வைத்து அல்ல, நேராகக் கடித்தாள். பாதியை மென்று விழுங்கினாள், பல் பட்ட மீதிப் பாதியை அவன் தட்டில் திருப்பி வைத்தாள்.

"துன்னு" என்றாள்.

"அடியே!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜையே திரும்பிப் பார்த்தது.

"நீ சும்மா இரும்மா. என் எச்சிலு அவன் உள்ள பூந்துடுச்சுன்னு நீதானே சொன்ன? சரி, பூந்துடுச்சு. நான் குடுத்தது எச்சில் பட்டதுதான்." பிறகு தம்பியைப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது. "எச்சிலானத எவளாச்சும் திருப்பிக் கேப்பாளாடா? குடுத்தா குடுத்ததுதான். அது எனக்கு வேணாம். இருந்தா இருக்கட்டும், போனா போவட்டும், என்கிட்ட நீ பதில் சொல்ல வேணாம். எனக்கு கிட்னி தம்பி இல்ல, நீதான் தம்பி. மாத்திரையப் பாதியா போடு. இப்ப இத துன்னு."

ஹேமநாத் அந்த வடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் வாழ்நாளில் இன்னொருவர் பல் பட்ட எதையும் தொட்டதில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தான். கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மெல்லும்போதே அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மிளகாய் கடித்துவிட்டதாகச் சொன்னான். நானும் தட்டைப் பார்த்துக்கொண்டேன், எனக்கும் மிளகாய்தான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் தட்டிவிடப்பட்ட கமர்கட்டு அன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை எடுத்த ரத்தத்தில் மாத்திரை குறைந்திருந்தது, வைரஸும் இறங்கியிருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் இறங்கியது. கழுத்துக் கட்டிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சிறுநீரகம் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, ரத்தத்தில் கழிவைக் காட்டும் எண் லேசாக ஏறியிருக்கிறது. டாக்டர் பிரமிளா இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எவ்வளவு நாள் தாங்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் என் மாமியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அன்னிக்கு அக்கா எச்சில துன்னான். அதுல இருந்துதான் எறங்க ஆரம்பிச்சுது" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டரிடமே போய்ச் சொன்னார். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, அந்த வைரஸ் ஏற்கெனவே ஹேமநாத் ரத்தத்தில் இருக்கிறது, ஆனால் எச்சிலில் வேறு கிருமிகள் ஆயிரம் இருக்கின்றன, இந்த வைத்தியத்தைத் தயவுசெய்து திரும்பச் செய்யாதீர்கள் என்று கெஞ்சினார். சரி, கடித்துக் கொடுக்க வேண்டாம், பானையில் தேவயானி கை முதலில் பட்டால் போதும் என்று மாமியார் தன் வைத்தியத்தைத் திருத்திக்கொண்டார்.

ஆகவே இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புத்தூரிலிருந்து போன் வந்துவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மாமியார் நடுக்கூடத்தில் இலை போடுவார். பானையிலிருந்து முதல் சோறு தேவயானிக்கு. குழம்பு, பொரியல், மீன் துண்டு எல்லாம் முதலில் அவளுக்கு. அவள் எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. பேர் வெட்டிய டம்ளரோடு ஹேமநாத் காத்திருப்பான், நானும் காத்திருப்பேன். மாமியார் கரண்டியோடு மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடி" என்பார். தேவயானியும் அவசரப்படாமல், ஒவ்வொரு கவளமாக உருட்டி, சாவகாசமாகச் சாப்பிடுவாள்.

போன வாரம் திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன். "உங்கம்மா பைத்தியக்காரத்தனமா எதையோ நம்பிக்கினு இருக்காங்க. மாத்திரையக் குறைச்சதாலதான் எறங்குச்சுன்னு நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

தேவயானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருக்கட்டும், சொல்லாதீங்க. அந்த வீட்டுல நான் சோறு சூடா துன்னறது இப்பதான்."